துணியும் மரமும் கம்பியும்

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் விமானக் கூடத்தில் பச்சை உடல் கொண்ட ஒரு சிறிய விமானம் கூரையிலிருந்து தொங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். விமானி உட்காரும் குழிக்கு மூடியே கிடையாது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஜிப்ஸி மாத் வகையைச் சேர்ந்த இதன் பெயர் 'ஜேசன்'. 1930 மே 5 அன்று ஏமி ஜான்சன் என்ற 26 வயதுப் பெண் லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து இதில் தன்னந்தனியாகக் கிளம்பினார். மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்தான்.

அவருடைய துணிச்சலைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த இயந்திரத்தின் மேலும் அதே அளவு மரியாதை உண்டு. நூறு குதிரைத்திறன் எஞ்சின், ப்ளைவுட் உடல், மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய இறக்கைகள். இவ்வளவுதான். இது எப்படித் தாங்கியது?

இறக்கை இரண்டு இருந்தால் தூக்குவிசையும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். ஆனால் அருகருகே இருக்கும் இறக்கைகள் ஒன்றின் காற்றோட்டத்தை மற்றொன்று கெடுத்துக்கொள்வதால் அந்தக் கணக்கு சரிவராது. இரண்டு வைத்ததற்கு முக்கியக் காரணம் உறுதி. ஓர் உத்தரத்தின் உயரம் கூடக்கூட, வளையாமல் நிற்கும் அதன் திறன் மிக வேகமாகக் கூடுகிறது. மெல்லிய மர இறக்கையைத் தனியாக நீட்டிவிட்டால் காற்றின் அழுத்தத்தில் முறிந்துபோகும். தடிமனாகச் செய்தால் கனம் ஏறும். இரண்டு மெல்லிய இறக்கைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே தண்டுகள் ஊன்றி, குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினால் மொத்தமும் ஒரே உயரமான உத்தரமாகிவிடும். பறக்கும்போது மேலே வளையப் பார்க்கும் இறக்கையை ஒரு வரிசைக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்கும்போது கீழே தொய்யப் பார்க்கும் இறக்கையை எதிர்ச்சாய்வில் போகும் கம்பிகள் தாங்கும். இரும்புப் பாலங்களின் கணக்கும் இதுவே. இந்த அமைப்பை 1896-இல் தன் கிளைடரில் பொருத்திக் காட்டிய ஆக்டேவ் ஷனூட், ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர்.

துணிக்கும் ஒரு நுட்பம் உண்டு. சட்டத்தின்மேல் போர்த்திய துணிக்கு 'டோப்' என்ற செல்லுலோஸ் பூச்சைப் பல முறை பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, மிருதங்கத் தோல்போல விறைத்துக்கொள்ளும். காற்றும் ஈரமும் புகாது.

மாத் விமானத்தில் தனியாகப் பறப்பவர் பின் குழியில்தான் உட்காருவார். முன் குழி ஏறக்குறைய எடை மையத்திலேயே இருப்பதால் அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக மாறாது. ஜேசனில் கூடுதல் பெட்ரோல் தொட்டியை அங்கே வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தாலும் மூக்கு தூக்கவோ தாழவோ செய்யாது. ஆனால் அந்தப் பெட்ரோலை மேல் இறக்கையில் இருந்த தொட்டிக்குக் கையால் அடித்து ஏற்ற வேண்டும். ஆவி முகத்தில் அடிக்க, அதையும் ஏமியேதான் செய்தார். அவர் உரிமம் பெற்ற விமான மெக்கானிக் என்பதால் எஞ்சினைப் பார்த்துக்கொள்வதும் அவருக்குக் கைவந்த வேலை.

இந்த விமானத்தின் உண்மையான அருமை பர்மாவில் தெரிந்தது. ரங்கூனை நெருங்கும்போது வழி தவறி, பக்கத்து ஊரான இன்சீனின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிய ஜேசன் பள்ளத்தில் போய் விழுந்தது. இறக்கை கிழிந்தது, புரொபெல்லர் உடைந்தது. மாற்றுப் புரொபெல்லரை ஏமி விமானத்தின் பக்கவாட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார். துணிக்கு என்ன செய்வது? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் கிடைத்தன. அவற்றைப் பிரித்து இறக்கையை ஒட்டுப்போட்டார்கள். பிறகு ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கையில் ஓட்டை போட்டன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் அதை அடைத்துக்கொண்டு மேலே போனார்.

தகடு அறைந்த விமானமாக இருந்தால் இன்சீனிலேயே பயணம் முடிந்திருக்கலாம். அதற்கு ரிவெட் அடிக்கும் பட்டறை வேண்டும், அதே ரகத் தகடு வேண்டும். மரமும் துணியும் வழியெல்லாம் இருந்தன. தச்சரும் தையற்காரரும் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

வேகம் கூடக்கூட இந்த அமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. தண்டும் கம்பியும் காற்றைத் தடுக்கின்றன. அந்தத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அலுமினியக் கலவையில், உள்ளுக்குள்ளேயே உறுதி கொண்ட ஒற்றை இறக்கை வந்ததும் 1930-களிலேயே போர் விமானமும் பயணிகள் விமானமும் அதற்கு மாறத் தொடங்கின. பயிற்சிப் பள்ளிகள் மட்டும் அவசரப்படவில்லை. இதே மாத் குடும்பத்தில் பிறந்த டைகர் மாத் 8,000-க்கும் மேல் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் பல இளைஞர்கள் அதில்தான் பறக்கக் கற்றார்கள். கற்றுக்கொள்பவர் தரையில் மோதுவது சகஜம். மறுபடி ஒட்டுப்போட்டுப் பறக்கவிட அதைவிடத் தோதான விமானம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.