பாடி அப்புறம், முதல்ல சேஸிஸ்

லெகோ டெக்னிக் கார்னாலே நம்ம கண்ணு முதல்ல போறது வெளித்தோற்றத்துக்குத்தான். என் கருத்து வேற: கார் உள்ளே இருந்துதான் பிறக்கணும்.

1977-ல இந்த வரிசை தொடங்கினப்போ வந்த 853-ஐப் பாருங்க. வெறும் சேஸிஸ், மேல பாடியே கிடையாது. ஆனா ஸ்டீயரிங்கைத் திருப்பினா சக்கரம் திரும்பும், வண்டியைத் தள்ளினா பிஸ்டன் ஏறி இறங்கும். 2018-ல வந்த புகாட்டி சிரோன்ல 3,599 துண்டுகள், 8 வேக கியர்பாக்ஸ். பிரமாதமான வேலை. ஆனா கட்டி முடிச்சதும் அந்த கியர்பாக்ஸ் பேனலுக்குள்ள மறைஞ்சுடுது.

சொந்தமா டிசைன் பண்றவங்க, பேனலைத் தொடுறதுக்கு முன்னாடி சேஸிஸை மட்டும் கட்டித் தரையில தள்ளிப் பாருங்க. ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உராய்வைச் சேர்க்கும். 8 பல் கியர் 24 பல் கியரைச் சுத்தினா வேகம் மூணுல ஒரு பங்கு, ஆனா முறுக்குவிசை கூடும். மாத்தி வச்சா மோட்டார் திணறும். பின்சக்கரம் ரெண்டையும் ஒரே அச்சுல கோத்தா, வளைவுல ஒண்ணு வழுக்கும். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணுமே! அதுக்குத்தான் டிஃபரன்ஷியல்.

பாடியை மூடின பிறகு இதைக் கண்டுபிடிச்சா, பாதி வண்டியைப் பிரிக்கணும்.