காவலில் போன உயிருக்கு யார் பொறுப்பு?



1987 டிசம்பரில் ஒரிசாவில், திருட்டு வழக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட 22 வயது இளைஞர், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 'தப்பியோடி இரயிலில் அடிபட்டார்' என்றது காவல்துறை. தாய் நீலபதி பெகரா உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது. காயங்கள் இரயில் மோதியதால் வந்தவை அல்ல என்றது மருத்துவச் சாட்சியம்.

1993-இல், அரசு 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசே பொறுப்பு. அடிப்படை உரிமை பறிபோகும்போது அரசு தன் இறையாண்மையைக் காட்டித் தப்ப முடியாது என்பதே இதன் சாரம்.

பணம் மகனைத் திருப்பித் தராது. ஆனால் உண்மை பதிவானது. சிறையிலிருப்போரைச் சந்திப்பதை இரக்கச் செயலாகப் போற்றும் நாம், இப்படியொரு தாய் நம்மிடம் வந்தால், 'தலைவிதி' என்று அனுப்பிவிடாமல் மனு எழுதத் துணைநிற்போம்.