மூச்சுக்கு ஏங்கும் நெஞ்சங்கள்

மனிதனை மண்ணால் உருவாக்கிய இறைவன் தம் மூச்சாலேயே அவனுக்கு உயிரளித்தார் எனத் தொடக்கநூல் அறிவிக்கிறது. அம்மூச்சு தடையின்றி வந்துபோகும்வரை நாம் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் வருந்துவோர்க்கோ ஒவ்வொரு மூச்சும் ஓர் உழைப்பு. 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோய் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் உயிர்களைக் கவர்ந்ததென உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களின் உடலை மருத்துவர் கவனிக்கிறார். உள்ளத்தைக் கவனிப்பது யார்?

முதலாவது, அச்சம். இந்நோயில் உட்சென்ற காற்று முழுதும் வெளியேறாது தங்கிவிடுகிறது. புதுக்காற்றுக்கு இடம் குறைகிறது. அச்சம் எழுந்ததும் மூச்சு விரைகிறது. விரைய விரையக் காற்று மேலும் தங்குகிறது. திணறலோடு அச்சமும் பெருகுகிறது. இதனைக் கோழைத்தனம் என்றோ, விசுவாசக் குறைவு என்றோ இகழ்தல் தகாது. அவ்வேளையில் சூழ நின்று கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமன்றோ! ஒருவர் அருகில் அமர்ந்து, மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல ஊதிக் காட்டினால் அவரும் அவ்வாறே செய்வார். திணறல் தணியாவிட்டாலோ, உதடுகள் நீலம் பாரித்தாலோ, தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, வெட்கம். இருமலைக் கேட்டதும் காசநோயோ என ஐயுற்று விலகுவோர் உண்டு. இது தொற்றுநோய் அன்று. ஆயினும் நோயாளர் நாணத்தால் திருவிழாவையும் திருமணத்தையும் தவிர்த்து வீட்டிலேயே ஒடுங்குகிறார். தூபப் புகை எழுந்தால் பாதியில் வெளியேற நேருமே என அஞ்சி ஞாயிறு திருப்பலியையும் விட்டுவிடுவோர் உளர். பீடத்துக்கு எட்ட, கதவருகே அவர்களுக்கு ஓர் இருக்கை ஒதுக்குவது பங்கு மக்களுக்கு அரிய காரியமா?

மூன்றாவது, குற்றவுணர்வு. 'பீடி குடித்ததால் வந்த வினை' என்று பிறர் சொல்லுமுன் அவரே தம்மை நொந்துகொள்கிறார். புகைப்பழக்கத்தை விடத்தான் வேண்டும். இன்று விட்டாலும் பயனுண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் நின்று குடும்பத்துக்குச் சோறாக்கிய தாய்க்கும் இதே நோய் வருகிறதே! பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என வினவிய சீடர்க்கு ஆண்டவர் அளித்த மறுமொழியை நினைவில் கொள்வோம். பழி சுமத்துவது நம் பணியன்று.

நோயிற்பூசுதலுக்குக் குருவை அழைத்தால் நோயாளர் மனமுடைந்து போவாரெனப் பல குடும்பத்தார் தயங்குகின்றனர். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயர் விட்டுச்சென்ற அச்சம் இது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972இல் புதுப்பித்தளித்த முறைப்படி, இவ்வருட்சாதனம் சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று. கடும் நோயுற்றோர் அனைவர்க்கும் உரியது. நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். எனவே நோயாளர் தாமே விரும்பிச் செபிக்கும் நிலையில் இருக்கையிலேயே குருவை அழையுங்கள்.

அன்பர்களே, இந்நோயாளர்க்குப் பகலைவிட இரவே நீண்டது. இன்று குடும்பச் செபமாலை முடிந்தபின், விளக்கை அணைக்குமுன், அவர் கட்டிலருகே சற்று அமருங்கள். பேச்சு வேண்டியதில்லை. தனியே விடப்படவில்லை என்று அவர் அறிந்தால் போதும்.