உஷார்! ஒரே ஹெல்மெட்... பத்துத் தலை!

கோடை லீவுக்குப் பிள்ளையை கிரிக்கெட் கேம்ப்பில் சேர்த்துவிட்டீர்களா? மட்டையும் ஷூவும் வாங்கிக் கொடுத்தாயிற்று, மற்றதெல்லாம் கேம்ப்பிலேயே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்த ‘மற்றதெல்லாம்’ எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்!

நெட்டில் ஒருவன் முறை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி அடுத்தவனிடம் நீட்டுகிறான். வியர்வை சொட்டச் சொட்ட அது அப்படியே இன்னொரு தலையில் ஏறுகிறது. கிளவுஸும் அப்படித்தான், தொடை பேடும் அப்படித்தான். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் ஈரத்தோடு கிட் பேக்கில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி ஸ்டோர் ரூமில் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் பையைத் திறந்தால் குப்பென்று அடிக்கிறது. உடனே ஒரு சென்ட் ஸ்ப்ரே. ‘வாசனையா இருக்குல்ல, போட்டுக்கோ!’

இந்த ஸ்ப்ரேயை நம்பித்தான் ஏமாறுகிறோம். வியர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. சென்ட் அடித்தால் நாற்றம் மறையும். கிருமி அங்கேயேதான் இருக்கும். படர்தாமரைப் பூஞ்சையோ நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

என்னவெல்லாம் தொற்றும்?

முதல் எதிரி படர்தாமரை. உதிர்ந்த தோல் செதிலிலும் முடித்துணுக்கிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை. பிள்ளையின் தலையில் செதில் உதிர்ந்து, வட்டமாக முடி கொட்டினால் ‘பொடுகு’ என்று ஷாம்பூ மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். தலையில் வரும் படர்தாமரை களிம்புக்கு மட்டும் அடங்காது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொரு உஷார்: தொடையிலோ இடுப்பிலோ அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசாதீர்கள். சிவப்பும் அரிப்பும் குறையும். பூஞ்சை உள்ளுக்குள் பரவும். வழக்கமான மருந்துக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் பெருகிவிட்டதாகத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே எச்சரித்துவருகிறார்கள்.

அடுத்தது சீழ்க்கொப்புளம். டைவ் அடித்துச் சிராய்த்த முழங்கையில் அடுத்தவரின் துண்டோ, எல்போ கார்டோ உரசினால் போதும். அமெரிக்காவில் 2003-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஐந்து வீரர்களுக்கு, சீழ்க்கொப்புளத்தை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் (ஸ்டாஃப்) கிருமியின், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகைத் தொற்று வந்தது. எல்லாமே புல்தரையில் சிராய்த்த இடங்களில்! ஆராய்ந்தபோது, மைதானத்தில் ஒரே துண்டை இரண்டு மூன்று பேர் பயன்படுத்தியதும் தெரியவந்தது. எல்லா வசதியும் உள்ள அணிக்கே அந்தக் கதி!

பேனுக்கு மட்டும் ஹெல்மெட்டை அதிகம் திட்ட வேண்டாம். அது பெரும்பாலும் தலையோடு தலை உரசித்தான் பரவுகிறது.

கழுவுகிறேன் என்று கெடுக்காதீர்கள்!

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஹெல்மெட் பக்கமே போகக் கூடாது. வெளி ஓட்டையும் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சையும் அவை அரித்துவிடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் ஹெல்மெட், பந்து பட்டால் தாங்காது. கொதிக்கும் வெந்நீரும் வாஷிங் மெஷினும் கூடாது. கிளவுஸைத் தண்ணீரில் ஊறப்போட்டாலோ உச்சி வெயிலில் காயப்போட்டாலோ உள்ளங்கைத் தோல் விறைத்து வெடித்துவிடும்.

இதைச் செய்யுங்கள்:

• ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும், அடுத்தவர் போடுமுன் நெற்றிப்பட்டை, தாடைப்பட்டை, காதோரப் பஞ்சு மூன்றையும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். அழுக்கும் வியர்வையும் போகாத இடத்தில் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது.

• கழற்றக்கூடிய உள்பஞ்சை வாரம் ஒரு முறையாவது சோப்புப் போட்டு அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

• ஹெல்மெட்டுக்குள் போட ஒரு பருத்தித் தொப்பி, கிளவுஸுக்குள் போட இன்னர் கிளவுஸ். இரண்டும் பிள்ளையின் சொந்தமாக இருக்கட்டும்; தினமும் துவையுங்கள்.

• உள்ளே போடும் அப்டமன் கார்டு, துண்டு இரண்டையும் இரவல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கார்டை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவுங்கள்.

• வீட்டுக்கு வந்ததும் கிட் பேக்கைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் நிழலில் காற்றாடப் பரப்புங்கள். ஈரம் இருக்கும்வரை ஜிப் மூடக் கூடாது.

• சிராய்ப்பை மூடாமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். படர்தாமரையோ கொப்புளமோ இருந்தால், டாக்டர் சரி சொல்லும்வரை பொதுச் சாமான்களைத் தொடக் கூடாது.

ஃபீஸ் கட்டுமுன் கோச்சிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஹெல்மெட்டைத் துடைப்பது யார்? எத்தனை தலைக்கு ஒரு முறை? ராத்திரி கிட் எங்கே காய்கிறது? பதில் சொல்லாமல் ஸ்ப்ரே டப்பாவைக் காட்டினால், பிள்ளைக்குச் சொந்த ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் கேம்ப்பை மாற்றுங்கள்!