திருப்பதி முதல் சென்னைத் துறைமுகம் வரை: சேதமடைந்த லித்தியம் பேட்டரிக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பேட்டரி உற்பத்தி வளர்ந்துவரும் நிலையில், துறைமுகத்தில் சேதமடைந்து நிற்கும் லித்தியம் பேட்டரிகளைக் கையாளும் பொறுப்போ பல அமைச்சகங்களிடையே பிரிந்து கிடக்கிறது.

ஈய-அமில பேட்டரிக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலையில் 2022 செப்டம்பரில் சோதனை உற்பத்தி தொடங்கியது. முதலீடு ரூ.165 கோடி. நாளொன்றுக்கு 20 ஆயிரம் செல்கள் தயாரிக்கும் திறன் கொண்டது என அப்போது மத்திய அரசு அறிவித்தது. அதுவரை நாட்டின் தேவை முழுவதும் இறக்குமதியையே நம்பியிருந்தது. ஆலைகள் பெருகினால், சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள சென்னைத் துறைமுகத்தில் இச்சரக்கும் பெருகும்.

அடிபட்ட லித்தியம் செல்லின் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், வெப்பம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். நச்சு வாயு வெளியேறும். அணைத்த தீ பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். கனடாவின் மான்ட்ரியல் துறைமுகத்தில் 2024 செப்டம்பரில் சுமார் 15 டன் லித்தியம் பேட்டரிகள் இருந்த பெட்டகம் எரிந்தபோது, அருகில் வசித்தோர் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

சேதமடைந்த பேட்டரிகளை விமானத்தில் அனுப்பத் தடை உள்ளது. கப்பலில் அனுப்புவதற்கு, அபாயகரச் சரக்குகளுக்கான சர்வதேச கடல்வழி விதிகள் கடும் நிபந்தனைகளை விதிக்கின்றன. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே, தீப்பற்றாத, மின்சாரம் கடத்தாத பொருள் சூழப் பொதிந்து, சேதமடைந்தது எனப் பெட்டியின் மேல் குறிப்பிட வேண்டும். வெடித்துச் சிதறக்கூடியவற்றுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

பிரிந்து கிடக்கும் அதிகாரம்

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது சுமத்துகின்றன. மண்ணில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை உண்டு. ஆனால் துறைமுகமும் கப்பலும் கப்பல் துறையின் கீழும், சுங்க அனுமதி நிதியமைச்சகத்தின் கீழும், லாரிப் பயணம் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழும் வருகின்றன.

பொறுப்பு தெளிவாக இல்லாவிட்டால் சரக்கு தேங்கும் என்பதற்கு மணலியே சாட்சி. 2015-ல் பறிமுதல் செய்யப்பட்ட சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகே அங்கிருந்து அகற்றப்பட்டது.

ஈயத்துக்கு விலை உண்டு. பழைய பேட்டரியைத் தேடி வியாபாரி வருவார். உடைந்த லித்தியம் பேட்டரிக்கு அப்படி யாரும் வருவதில்லை. பத்திரமாகப் பொதிந்து, ஏற்றி, மறுசுழற்சி ஆலைக்குக் கொண்டுசெல்லும் செலவே மிஞ்சும்.

1908-ம் ஆண்டு துறைமுகச் சட்டத்துக்கு மாற்றாக, இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றியது. அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளிலேனும் சந்தேகத்துக்குரிய பெட்டகத்தைத் தனியே நிறுத்த இடம், குளிர்விக்கப் போதிய நீர், செலவை ஏற்பவர் யார் என்ற வரையறை ஆகியவை இடம்பெறுமா என்பதே கேள்வி. தீப்பற்றினால் முதலில் ஓட வேண்டியவர்கள் துறைமுகத் தொழிலாளர்களும் தீயணைப்பு வீரர்களும்தான் என்பது குறிப்பிடத்தக்கது.