அடிமனையும் மேல்வீடும்

மனை என்னும் சொல் வீட்டையும் குறிக்கும். வீடு நிற்கும் நிலத்தையும் குறிக்கும். ஒரே சொல் இரண்டையும் சுட்டுவதால், இரண்டும் ஒரே உடைமை என எண்ணிவிடுவோர் பலர். ஆயின் மக்கள் வழக்கு இவற்றைப் பிரித்தே வைத்துள்ளது. தமிழகத்தில் கோயில் நிலத்தில் தம் செலவில் வீடு கட்டிக் குடியிருப்போர் செலுத்துவது அடிமனை வாடகை எனப்படும். வீடு அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது.

இவ்வேறுபாட்டை ஜெஞ்சாரோம், பந்திங் வட்டாரத் தமிழர் நன்கு அறிதல் வேண்டும். தோட்டத்து லயத்தில் வேலை உள்ளவரைதான் வீடு. ஆதலின் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், சேமித்த பணத்தில் ஒரு பலகை வீட்டையேனும் சொந்தமாக்க விரும்பியது இயல்பே. விற்பவர் சாவியோடு ஒரு தாளையும் தருவார். அது பட்டாவாக இராமல் 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமாக இருக்குமாயின், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் நின்று சிந்திக்க வேண்டும்.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, இவ்வுரிமம் வழங்கப்பட்ட ஆண்டின் இறுதிக்குள் முடிந்துவிடும். மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். இதனைப் பிறர்க்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடியும். அவ்வாறெனின் வாங்கியவர் கையில் மிஞ்சுவது யாது? பலகையும் தகரமுமே. சாட்சிகள் கையொப்பமிட்ட விற்பனைத் தாள் இக்குறையை நீக்காது.

நிலமின்றி வீட்டை மட்டும் விற்பது இந்நாட்டில் புதுமையன்று. தூண்மேல் நிற்கும் மலாய் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம். 1953-ஆம் ஆண்டு வழக்கொன்றில், அத்தகைய வீட்டை வழக்காற்றின்படி அசையும் பொருளாகவே நீதிமன்றம் கொண்டது. நம்மவரோ வாங்கிய மறு ஆண்டே சிமெண்டுத் தரை போட்டு, செங்கல் அடுப்படியும் கட்டிவிடுகின்றனர். சிமெண்டுத் தரையைத் தூக்கிச் செல்வது எங்ஙனம்?

பினாங்கு புவா பாலா கிராமத் தமிழர் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து அங்கேயே வாழ்ந்தவர். நிலம் கைமாறியபின், 2009-இல் வழக்கில் தோற்றனர். அவ்வாண்டே வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பலவற்றுக்கு மாற்று வீடு கிடைத்தது பேச்சுவார்த்தையால், சட்டத்தால் அன்று.

சென்னையில் 1921-ஆம் ஆண்டின் நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் சற்றே இரக்கம் காட்டியது. பிறர் நிலத்தில் வீடு கட்டியவரை வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு தரவேண்டும். அந்நிலத்தை விலைக்குக் கேட்டு அவர் நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. 1996-இல் கோயில் நிலங்கள் இதினின்றும் விலக்கப்பட்டன.

வளம் மிக்க நாட்டாரும் இச்சிக்கலுக்கு விலக்கல்லர். இங்கிலாந்தின் கடற்கரை விடுமுறைத் திடல்களில் 'கேரவன்' என்னும் வண்டிவீடு விற்கப்படுகிறது. பெயருக்குத்தான் வண்டி, நின்ற இடத்தை விட்டு நகர்வது அரிது. வாங்கியவர் ஆண்டுதோறும் இடக்கட்டணம் செலுத்துவார். ஒப்பந்த ஆண்டுகள் முடிந்தால் வண்டியை அகற்ற வேண்டும். மற்றொருவர்க்கு விற்பினும் திடல் உரிமையாளர் பங்கு கேட்பார். அங்குள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு, இத்தகைய வீட்டை நிலையான இல்லமாகக் கொண்டோர்க்கே உரியது. விடுமுறைக்கு வருவோர்க்கு இல்லை.

ஆகவே, வீட்டின் விலையைக் கேட்குமுன் நிலத்தின் எண்ணைக் கேட்க வேண்டும். அவ்வெண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தினால், பட்டா யார் பெயரில் உள்ளது, அடைமானம் உண்டா என்பவற்றை எவரும் அறியலாம். பட்டாவே இல்லாத அரசு நிலமெனில், உரிமம் யார் பெயரில் உள்ளது, இவ்வாண்டு புதுப்பிக்கப்பட்டதா என்று அங்கேயே உசாவலாம். வாங்குபவர் தம் பெயரில் புது உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பம்.