இருதயத்தில் ஓர் இரவல் வாய்க்கால்

பிரதான வாய்க்கால் தூர்ந்துபோனால் குடியானவன் பயிரைக் காய விடுவதில்லை. பக்கத்தில் வேறொரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புகிறான். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய்கள் அடைபட்டவிடத்து வைத்தியர்கள் செய்யும் 'பைபாஸ்' ரண சிகிச்சையும் இத்தகையதே. 1967-ஆம் வருஷம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்திலே, ரெனே ஃபவலோரோ என்னும் டாக்டர் நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து இருதயத்தில் இணைத்து, இம்முறையை நிலைநாட்டினார். அர்ஜென்டினா தேசத்துக் கிராமமொன்றில் பன்னிரண்டு வருஷம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். கீர்த்தி பெற்ற பின்னும் 1971-ல் தாய்நாட்டுக்கே திரும்பித் தம் வித்தையை அங்கே பரப்பினார்.

ஆனால் இரவல் பொருளுக்கு ஒரு குறை உண்டு. தாழ்ந்த அழுத்தத்தில் மெல்லத் திரும்பும் இரத்தத்தைச் சுமக்கவே சிரை அமைந்திருக்கிறது. தமனியின் ஸ்தானத்தில் வைத்தாலோ, ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் அது தாங்கவேண்டியதாகிறது. பத்து, இருபது வருஷங்களில் அதன் சுவரில் கொழுப்புப் படிந்து, சிலருக்கு அது பலவீனமடைந்து பலூன்போல் உப்பிவிடுகிறது. இது அபூர்வமே, எனினும் அபாயம் அற்பமன்று. வீக்கம் வெடிக்கலாம்; இருதயத்தின் அறைகளை நெருக்கலாம்; உள்ளே உறைந்த இரத்தம் பெயர்ந்து மாரடைப்பை உண்டாக்கலாம். பலருக்கு வலியே தோன்றாது. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரே படத்தில் தற்செயலாய்த் தென்படும்.

முன்னெல்லாம் மார்பை மறுமுறை பிளப்பதே பரிகாரம். பழைய தழும்பினால் எலும்புக்கடியில் யாவும் ஒட்டிக்கிடக்குமாதலின், வயோதிகருக்கு அது பெருஞ் சோதனை. இப்பொழுதோ தொடையிலேனும் மணிக்கட்டிலேனும் உள்ள தமனியில் ஊசித் துவாரமிட்டு, மெல்லிய குழலை இருதயம் வரை செலுத்துகிறார்கள். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபார்ஸ்மான் தம் கைச் சிரையிலேயே குழலைச் செலுத்திக்கொண்டு துணிந்து தொடங்கிய வித்தை இது. ஒட்டிய சிரையின் உதவி இருதயத்துக்கு இன்னும் வேண்டியதாயின், உறை போர்த்த 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக்குழாயை உள்ளே விரிக்கிறார்கள். வீக்கத்தின் வாய் அடைபட்டு, இரத்தம் நேரே ஓடுகிறது. உதவி வேண்டாததாயின், உலோகச் சுருளையோ அடைப்பானையோ வைத்து அச்சிரையையே மூடிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மிகப் பெரிதாய் வளர்ந்து இருதயத்தை நெருக்கும் வீக்கத்துக்குக் கத்தியே வேண்டியிருக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ண வேண்டும். அதுவும் நாளடைவில் அடைபடக்கூடும்.

ஆகவே, பைபாஸ் செய்துகொண்ட பெரியவர் வீட்டிலிருப்பின், "பதினைந்து வருஷம் ஆயிற்று, இனிப் பயமில்லை" என்று வாளாவிருத்தல் தகாது. வெட்டிய வாய்க்காலை ஆண்டுதோறும் பார்வையிடுவதன்றோ நல்ல குடியானவனின் வழக்கம்?